தட்டில் கூச்சத்தைப் பரிமாறாதீர்கள்

தை பிறந்ததிலிருந்து மாசி முடிகிற வரை, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியிலும், அங்கிருந்து நரிக்குடி, காரியாபட்டி பக்கம் பிரிகிற சாலைகளிலும் பாதி ரோட்டை மறித்துக் கதிர் விரித்திருப்பார்கள். களம் இல்லாத ஊருக்குத் தார் ரோடே களம். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்கியே அடித்துக் கொடுத்துவிடும். ஓரிடத்தில் உளுந்தஞ்செடி, இன்னோரிடத்தில் குதிரைவாலி. அதன் மேலேயே காலை எட்டு மணிக்குப் பள்ளிக்கூட வேன்கள் போகின்றன. உள்ளே நம் பிள்ளைகள். பையில் டிபன் பாக்ஸ், அதில் நூடுல்ஸ். சக்கரத்தடியில் கிடந்தது என்னவென்று சாயங்காலம் பிள்ளையிடம் கேட்டுப்பாருங்கள். "வைக்கோல்" என்று சொல்லும். கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் "ஏதோ புல்லு" என்று சொல்லும்.

பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டு உங்களுக்குத்தான் வைத்திருக்கிறேன்.

ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் வந்தால் சார்ட் அட்டை வாங்கிக் கொடுத்து, பாதிப் படத்தை நீங்களே வரைந்தும் கொடுக்கிறீர்கள். பச்சை உருண்டை, அதைத் தாங்குகிற இரண்டு கை, ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். பிள்ளை பரிசு வாங்கி வருகிறது. அந்தப் பரிசைக் கொண்டாட பஜாரில் என்ன வாங்கிக் கொடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நிலத்துக்கும் தண்ணீருக்கும் ஏற்ற சாப்பாடு எதுவென்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்று இப்போது எல்லாப் பள்ளிக்கூடமும் பேசுகிறது. பேசட்டும். எந்தப் பிள்ளையும் பாடத்தைக் கேட்டுச் சாப்பிடப் பழகியதில்லை. பரிமாறுகிறவர் முகத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் முகத்தையும் பார்த்துத்தான் பழகுகிறது. நம் முகத்தில் அது பார்ப்பது கூச்சம்.

சென்னையிலிருந்து சொந்தக்காரர் வந்தால் கம்மங்கூழ் பானையை அடுப்படி மூலைக்குத் தள்ளுகிறோம். அம்மாச்சி காணத் துவையல் அரைத்தால், "அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடாதீங்க, கூடப் படிக்கிற பிள்ளைக சிரிக்கும்" என்கிறோம். பிள்ளை காதுபடவே குதிரைவாலியைப் பஞ்ச காலத்துச் சோறு என்கிறோம். பிறகு அப்பாவுக்குச் சுகர் வருகிறது; அதே குதிரைவாலி பாக்கெட்டில் அடைபட்டு, மருந்தாக வீட்டுக்குள் நுழைகிறது. ஆக, பிள்ளையின் கணக்கில் அது இரண்டு வகை ஆட்களின் சாப்பாடு. ஒன்று கதியற்றவர்கள், இன்னொன்று சீக்காளிகள். இதில் எந்தப் பந்தியில் போய் உட்கார அது ஆசைப்படும்?

இந்தக் கூச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கரிசக்காட்டு ஊர்களில் ஒரு காலத்தில் நெல்லுச்சோறு என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். வசதியான வீட்டில் நெல்லு, அந்த வீட்டுக் காட்டில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் கம்பும் சோளமும் குதிரைவாலியும். சோற்றின் நிறத்தைப் பார்த்தே ஆளை எடை போட்டார்கள். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற பேச்சு ஓர் ஆட்சியையே மாற்ற உதவியது என்றால், வெள்ளைச் சோற்றின் மேல் ஜனங்களுக்கு இருந்த ஏக்கம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய் ஆனது. 2011 ஜூன் முதல் விலையில்லாமலே கிடைக்கிறது. பட்டினி போனது. அதைக் கேலி பேசுகிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 1956இல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு போட்ட காமராஜர் பிறந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு, அரிசியைத் திட்டிப் பேச யாருக்கும் வாய் வரக் கூடாது.

இன்னொரு காரணமும் உண்டு, அதை ஆண்கள் அதிகம் பேசுவதில்லை. உமி. குதிரைவாலிக்கு உமி இறுக்கம். உரலில் போட்டு உலக்கையால் குத்தி, புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்தால்தான் ஒருவேளைச் சோற்றுக்கு அரிசி தேறும். காட்டு வேலைக்குப் போய் வந்த பெண்தான் அதையும் செய்தாள். மில் அரிசி வீட்டுக்கு வந்தபோது அவள் தோள்பட்டைக்குக் கிடைத்த ஓய்வு சாதாரணமானதல்ல. "பாட்டி காலத்துச் சாப்பாடு" என்று மேடையில் உருகுகிற அண்ணாச்சிகளில் எத்தனை பேர் உலக்கை பிடித்தவர்கள்? பழையபடி குத்தித் தின்போம் என்று நான் சொல்ல வரவில்லை. உமி நீக்க இப்போது எந்திரம் இருக்கிறது. அது நம் ஊர்களில் போதுமான அளவுக்கு இல்லை, அவ்வளவுதான்.

இல்லாததால் என்ன நடக்கிறது தெரியுமா? திருச்சுழியை ரமணர் பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர் அறிவார்கள். கமிஷன் கடைக்காரர்கள் அந்தச் சுற்று வட்டாரத்தைக் குதிரைவாலி விளைகிற காடாகவும் அறிவார்கள். அறுவடை முடிந்த கையோடு உமியோடே மூட்டை பிடித்து விற்றுவிடுகிறோம். தமிழ்நாட்டில் விளைகிற இந்த மாதிரிச் சிறுதானியத்தில் ஒரு பங்கு மகாராஷ்டிரத்து நாசிக் ஆலைகள் வரைக்கும் லாரியில் போகிறது. அங்கே உமி நீங்கி, பல நேரம் தவிடும் சேர்த்துத் தீட்டப்பட்டு, வெள்ளை வெளேரென்று பாக்கெட்டில் ஏறி, தெற்கே திரும்பி வருகிறது. விற்றவர் வீட்டுக்கு அது திரும்பி வருவதில்லை. மதுரையிலும் சென்னையிலும் கண்ணாடிக் கதவு போட்ட கடைக்கு வருகிறது. காட்டுக்குச் சொந்தக்காரர் ரேஷன் அரிசி பொங்கிச் சாப்பிடுகிறார். அவர் பிள்ளை நூடுல்ஸ் கேட்கிறது.

இதில் தண்ணீர் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பிள்ளைக்குச் சொல்லலாம், சொன்னால் கேட்கும். ஒரு கிலோ நெல் விளைய, மழையும் பாசனமும் சேர்த்துச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் வயலுக்குள் போக வேண்டியிருக்கிறது என்று பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. நம் விருதுநகர் மாவட்டத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். கம்மாய் நிறைந்த வருசம் கம்மாய்க்குக் கீழே நெல் போடுகிறோம், அது நியாயம். மற்றக் காடெல்லாம் மானாவாரி. புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற வேளாண்மை. குதிரைவாலி அந்த வானத்தை நம்பியே மூன்று மாதத்தில் கதிர் கொடுத்துவிடும். போர்வெல் கேட்காது, மோட்டார் கேட்காது. தண்ணீர் கட்டி நிற்கிற நெல்வயலிலிருந்து மீத்தேன் கிளம்புகிறது. உலகத்தில் மனிதர் வேலையால் வெளியேறும் மீத்தேனில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு நெல் சாகுபடி பொறுப்பு. காய்ந்த காட்டில் விளைகிற கதிருக்கு அந்தப் பழியும் இல்லை. பாடப் புத்தகத்தில் பருவநிலை மாற்றம் என்று பனிக்கரடி படம் போட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைக்குப் பனிக்கரடி எதற்கு? வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற காடு போதாதா?

அரிசியை விட்டுவிடச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஏழு நாளும் மூன்று வேளையும் அதுவேதானா என்றுதான் கேட்கிறேன். பட்டை தீட்டிய அரிசியில் இரும்புச் சத்து நூறு கிராமுக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல். கேப்பையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 விழுக்காட்டுக்கு இரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பைவிட இது கூடுதல். பசி போன பிறகும் இரத்தம் ஊறவில்லை. கம்பு தின்றால் எல்லாம் சரியாகிவிடும் என்று வாட்ஸ்அப் வைத்தியர் மாதிரி நான் சொல்லமாட்டேன். இரத்தசோகைக்குக் காரணங்கள் பல. ஆனால் தட்டில் ஒரே ஒரு தானியம் என்பது அவற்றில் ஒன்றுக்கு வாசல் திறந்து வைத்திருக்கிறது.

நூடுல்ஸுக்கு வருகிறேன். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் பிள்ளையை விட்டே படிக்கச் சொல்லுங்கள். மைதா, பாமாயில், உப்பு, அப்புறம் எண்கள். உலகத்திலேயே அதிகமாகப் பாமாயில் இறக்குமதி செய்கிற நாடு நம்முடையது. வருவது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும். அங்கே சுமத்ராவிலும் போர்னியோவிலும் ஒராங்குட்டான் வாழ்ந்த காடுகள் எண்ணெய்ப்பனைத் தோட்டமாக மாறியிருக்கின்றன. ஐந்து ரூபாய் சிப்ஸுக்கும் கதை இதேதான். நல்லெண்ணெய்க்கும் கடலையெண்ணெய்க்கும் பேர்போன விருதுநகர் நமக்குக் கூப்பிடு தூரம். எள்ளும் கடலையும் சூரியகாந்தியும் நம் காட்டிலேயே விளையும். இருந்தும் நம் பிள்ளையின் நொறுக்குத்தீனி கடல் தாண்டி வந்த எண்ணெயில் பொரிந்து வருகிறது. தின்று முடித்த உறை பள்ளிக்கூடச் சுவருக்கு வெளியே விழுந்து, காற்றில் கம்மாய்க்குள் போய், அங்கே மேய்கிற ஆட்டின் வயிற்றுக்குள் போகிறது. 2019 ஜனவரி 1இலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை போட்ட மாநிலம் இது. பையைத் தடை செய்தோம், பாக்கெட்டைச் சரம் சரமாகக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறோம். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது என்று 2020இல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டது. உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளி வாசலில் நின்று ஐம்பது மீட்டரை எட்டி அளந்து பாருங்கள்.

"நாங்க என்ன செய்ய, பிள்ளை சாப்பிட மாட்டேங்குதே" என்பீர்கள். இந்தச் சமாதானத்தை எல்லாக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கலாம். எத்தனை தடவை வைத்துப் பார்த்தீர்கள்? ஒருநாள் குதிரைவாலிச் சோறு பொங்கி, அது குழைந்து போய், வெஞ்சனமும் சரியில்லாமல், பிள்ளை ஒரு வாய் வைத்துவிட்டு ஒதுக்கியதும், "சொன்னேன்ல" என்று மூட்டையைக் கட்டிவிட்டீர்கள். குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை ஆயுள் முழுக்க ஆராய்ந்த லீயன் பர்ச் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் கண்டு சொன்னது இது: புதுச் சாப்பாடு பிள்ளைக்குப் பிடிக்க, வற்புறுத்தாமல் திரும்பத் திரும்ப அதன் கண்ணிலும் நாக்கிலும் பட வேண்டும், எட்டு, பத்துத் தடவைகூட ஆகலாம். 1984இல் அவரும் சக ஆய்வாளர்களும் இன்னொன்றையும் காட்டினார்கள். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு உண்டு என்று பிள்ளைகளிடம் சொல்லிக் குடிக்கவைத்தார்கள். பிள்ளைகள் குடித்தன. ஆனால் அந்தப் பானத்தின் மேல் இருந்த பிரியம் குறைந்துபோனது. பரிசு கொடுத்துத்தான் குடிக்கவைக்க வேண்டுமென்றால் அது நல்லதாக இருக்காது என்று பிள்ளையின் புத்தி கணக்குப் போடுகிறது.

இப்போது நம் வீட்டு வசனத்தைக் கேளுங்கள். "கீரையைச் சாப்பிடு, கடைக்குக் கூட்டிப்போய் சாக்லேட் வாங்கித் தாரேன்." ஒரே மூச்சில் கீரையைத் தண்டனையாக்கி, சாக்லேட்டைச் சாமியாக்கிவிட்டோம். சத்து, ஆரோக்கியம், கண்ணுக்கு நல்லது, மூளைக்கு நல்லது என்று சொல்லிச் சொல்லிப் பரிமாறுவதும் இதே ரகம்தான். பரோட்டாவை வைக்கும்போது யாராவது காரணம் சொல்கிறோமா? விருதுநகர் பொரிச்ச பரோட்டாவுக்கு விளம்பரம் தேவைப்பட்டதே இல்லை. அப்பா அதைப் பிய்த்துச் சால்னாவில் ஊறவைத்து வாயில் போடும்போது அவர் முகம் போகிற போக்கே போதும். அந்த முகத்தைக் கம்மஞ்சோற்றுக்கும் ஒருநாள் காட்டுங்கள், அண்ணாச்சி. மோரும் சின்ன வெங்காயமும் மோர் மிளகாய் வத்தலும் வைத்துக்கொண்டு பிள்ளை எதிரே உட்கார்ந்து ரசித்துச் சாப்பிடுங்கள். கேட்டால் மட்டும் ஒரு வாய் கொடுங்கள். குதிரைவாலியையும் எடுத்த எடுப்பில் முழுச் சோறாக வைக்காதீர்கள். அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து பொங்கல் வையுங்கள், உளுந்தோடு ஆட்டித் தோசை ஊற்றுங்கள். சீக்கிரம் வெந்துவிடும், தண்ணீரை அளந்து வைத்தால் குழையாது.

தானியத்தோடு பேச்சு நின்றுவிடக் கூடாது. நம் காட்டில் யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் ஊற்றாமல், மழை விழுந்ததும் தானாக வருகிற காய் ஒன்று இருக்கிறது. அதலைக்காய். விருதுநகர், தூத்துக்குடி, மதுரைப் பக்கத்துக் கரிசல் மண்ணில் வருவது. கோடை முழுக்கக் கிழங்காக மண்ணுக்குள் படுத்துக் கிடக்கும். ஈரம் பட்டதும் கொடி ஓடும், பாகற்காய்க்குத் தம்பி மாதிரி விரல் கணு அளவில் காய்க்கும். பருத்திக் காட்டிலும் வரப்போரத்திலும் பெண்கள் பறித்து அருப்புக்கோட்டை மார்க்கெட்டுக்குக் கொண்டுவருவார்கள். பறித்ததை வைத்திருக்க முடியாது, வெடித்துவிடும். அதனால் தூரத்து ஊருக்கு ஏற்றுமதி ஆவதில்லை. காட்டுக்கும் அடுப்புக்கும் இடையே ஒருநாள், இரண்டுநாள்தான் அதற்கு ஆயுசு. சின்ன வெங்காயம் நிறையப் போட்டு வதக்கினாலும் சரி, புளிக்குழம்பு வைத்தாலும் சரி, அந்தக் கசப்புக்கு ஒரு ருசி இருக்கிறது. குளிர்சாதனக் கிடங்கும் பிளாஸ்டிக் தட்டும் லாரி வாடகையும் இல்லாத காய். பெரிய பெரிய நாட்டில் மாநாடு போட்டு, உள்ளூரில் விளைந்ததை அந்தந்தப் பருவத்தில் சாப்பிடுங்கள் என்று தீர்மானம் போடுகிறார்கள். நமக்கு அது வரப்பில் கிடக்கிறது. அதை அடையாளம் தெரிந்த பிள்ளை உங்கள் தெருவில் எத்தனை?

பண்ணைக்கீரைக்கும் தொய்யக்கீரைக்கும் இதே நிலைமை. மழைக்காலத்தில் களை எடுக்கப் போன பெண் மடி நிறையக் கீரையோடுதான் திரும்புவாள். இன்று களைக்கொல்லி அடித்துவிடுகிறோம். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த மருந்துக்குக் களை எது, கீரை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டு மழைக்காலம் அடித்த காட்டில் போய்ப் பாருங்கள், சாம்பாருக்குக் கிள்ளிப் போட ஒரு கொழுந்து இருக்காது. கார்த்திகை மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மருந்து அடிக்காத புஞ்சையில் ஒரு மணி நேரம் நடங்கள். கூட அம்மாச்சியையும் கூட்டிப் போங்கள், ஏனென்றால் உங்களுக்கும் பாதிக் கீரைக்குப் பேர் தெரியாது. பிள்ளை பறித்ததைப் பிள்ளை தின்னும். இதற்கு எந்த உளவியல் அறிஞரும் வேண்டாம்.

கறி தின்பது பூமிக்குக் கேடு என்று யூடியூபில் பார்த்துவிட்டு வந்து சில பிள்ளைகள் கேட்கின்றன. பதில் தெரியாமல் முழிக்கிறோம். அமெரிக்காவில் தனியாக விளைவித்த தீவனத்தைப் போட்டுக் கொட்டடியில் கொழுக்கவைக்கிற மாட்டுக்கும், அறுவடை முடிந்த நம் காட்டில் தாளையும் காய்ந்த புல்லையும் மேய்கிற ஆட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று சொல்லுங்கள். ஆடும் மீத்தேன் விடத்தான் செய்யும், மறைக்க வேண்டாம். ஆனால் கிடை போட்ட காட்டில் அடுத்த வருசம் உரமூட்டை குறைகிறது. புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்த அந்த மண்ணில்தான் கம்பு தூர்கட்டி வருகிறது. பிள்ளை யோசிக்க வேண்டியது வேறொரு கறியைப் பற்றி, கோழிக்கறியைப் பற்றி. கம்பும் இருங்குச் சோளமும் போட்ட காடுகளில் இன்று மக்காச்சோளம் நிற்கிறது. அதில் பெரும்பகுதி நாம் தின்பதற்கில்லை, கோழித்தீவனத்துக்கு. 2018இல் படைப்புழு வந்து அந்த மக்காச்சோளத்தைத் தின்றபோது, கடன் வாங்கி விதைத்த வீடுகள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். வாரத்தில் நாலு நாள் சிக்கன் 65 கேட்கிற பிள்ளைக்கு, அந்தத் தட்டுக்கும் நம் காட்டுக்கும் உள்ள சொந்தத்தைச் சொல்லிவிட்டு, ஒரு நாளாகக் குறைப்போமா என்று கேளுங்கள். முழுக்க நிறுத்தச் சொன்னால் ஒளிந்து தின்னும்.

காசு விசயம் பேசாமல் போனால் நீங்கள் என்னை விடமாட்டீர்கள். சிறுதானியம் கிலோ நூறு ரூபாய்க்கு மேலே, ரேஷன் அரிசி சும்மா கிடைக்கிறது, யார் வாங்குவது? தினக்கூலிக்குப் போகிற தாயைப் பார்த்து நான் இதைச் சொல்லவில்லை, அவள் போடுகிற ஒவ்வொரு கவளத்துக்கும் கும்பிடு. நான் பேசுவது நாளுக்குப் பத்து ரூபாய் பாக்கெட் ஒன்று தவறாமல் வாங்கிக் கொடுக்கிற உங்களோடு. பள்ளிக்கூடம் நடக்கிற 200 நாளுக்கு அது 2,000 ரூபாய். பதினைந்து கிலோ குதிரைவாலி அரிசிக்குக் குறையாது. இல்லையென்றால் வீட்டில் ஒரு வருசத்துக்கு வறுத்த கடலையும் கருப்பட்டியும் பொட்டுக்கடலையும் இருக்கும். தை மாதம் பனங்கிழங்கு, கோடையில் நுங்கு, கம்மாய் வற்றுகிறபோது கெளுத்தியும் குறவையும், எல்லாம் பாக்கெட்டைவிட மலிவு. இன்னொன்று, குதிரைவாலியை விளைவிக்கிறவர் உங்கள் ஒன்றுவிட்ட அண்ணனாகவோ மாமனாகவோதான் இருப்பார். பாக்கெட்டில் வாங்காமல் அவரிடம் உமியோடு ஒரு மூட்டை வாங்குங்கள். நாலு வீடு சேர்ந்தால் உமி நீக்குகிற எந்திரம் இருக்கிற ஊருக்கு அனுப்பி அரைத்து வாங்கிவிடலாம். தவிட்டைத் தீட்டி எடுக்காமல் லேசான பழுப்பு நிறத்திலேயே கிடைக்கும். அந்த மூட்டையைத் தூக்கிப் போய் அரைத்துவருவது அப்பாக்கள் வேலை. உலக்கைக்குப் பதிலாக இதையும் மதினி தலையில் கட்டிவிடாதீர்கள். வாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அந்த மாமன் அடுத்த புரட்டாசியிலும் விதைப்பார். இல்லையென்றால் காடு தரிசாகும், தரிசுக்குள் சீமைக்கருவேலம் ஏறும். ஏறியபிறகு வெட்டிக் கரிமூட்டம்தான் போடலாம்.

பள்ளிக்கூடத்திலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறிச் சாம்பார். வாரத்தில் இரண்டு நாளாவது அந்தந்த வட்டாரத்தில் கிடைக்கிற சிறுதானியத்தில் சமைக்க வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் அரசாணையிலேயே இருக்கிறது. குதிரைவாலி விளைகிற வட்டாரத்துப் பள்ளியில் அது குதிரைவாலிப் பொங்கலாக வருகிறதா என்று யார் கேட்க வேண்டும்? பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பான்மை பெற்றோர்தான். கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறோம். ஒடிசாவில் 2017இல் சிறுதானிய இயக்கம் தொடங்கி, கியோஞ்சர் மாவட்ட அங்கன்வாடிகளில் கேப்பை லட்டு கொடுத்தார்கள்; அங்கேயே விளைந்த கேப்பை, அங்கேயே உருட்டியவர்கள் மகளிர் குழுவினர். ஜப்பானில் உணவுக் கல்விக்கென்று 2005இல் சட்டமே போட்டார்கள். அங்கே மதியச் சாப்பாட்டை வகுப்புப் பிள்ளைகளே முறை வைத்துப் பரிமாறி, சாப்பிட்ட இடத்தைத் துடைத்துவிட்டுப் போகிறார்கள். நம் வீட்டில் பத்து வயதுப் பையன் தன் தட்டைத் தான் எடுத்துப் போட்டால் அம்மாச்சி நெஞ்சில் கை வைத்துக்கொள்கிறாள்.

தனியார் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். வருசத்துக்கு ஒரு டூர் என்று தண்ணீர்ப் பூங்காவுக்குக் கூட்டிப்போகப் பணம் கட்டுகிறீர்கள். அருப்புக்கோட்டைக்குப் பக்கத்திலேயே கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மானாவாரிப் பயிர்களை வைத்தே ஆராய்ச்சி நடக்கிற இடம். ஏ.பி.கே. என்று நம் ஊர்ப் பேரைச் சுமந்துகொண்டு உளுந்து ரகமும் துவரை ரகமும் அங்கிருந்து போயிருக்கின்றன. உங்கள் பிள்ளையின் வகுப்பை ஒருநாள் அங்கே கூட்டிப்போகச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டதுண்டா? கேட்டால் கூட்டிப்போவார்கள். தண்ணீர்ப் பூங்காவைவிடச் செலவும் குறைவு.

கடைசியாக உங்கள் தெரு மளிகைக் கடை. அங்கே பாக்கெட் சரம் தொங்குவதற்கு அண்ணாச்சி மேல் பழி போடாதீர்கள். நாம் கேட்பதைத்தான் அவர் வாங்கிப் போடுகிறார். அடுத்த தடவை எண்ணெய் வாங்கப் போகும்போது, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தீட்டாத குதிரைவாலி அரிசி வருமா என்று சத்தமாகவே கேளுங்கள். முதல் தடவை இல்லை என்பார். "அதை யாரு கேக்கா?" என்று சிரிக்கவும் சிரிப்பார். மறுவாரமும் கேளுங்கள், எதிர்வீட்டு அக்காவையும் கேட்கச் சொல்லுங்கள். இருபது பேர் கேட்ட சரக்கை வாங்கி வைக்காத வியாபாரி விருதுநகர்ச் சீமையில் கிடையாது.